கல்லின் மேல் நிற்கும் தூண்

மியான்மரின் பெகு நகரில் எங்கள் வீடு தேக்குத் தூண்களின் மேல் நிற்கிறது. தூண்கள் மண்ணில் புதைக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு தட்டைக் கல்லின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. குறுக்குச் சட்டங்கள் தூண்களின் துளை வழியே நுழைந்து, ஆப்பு வைத்து இறுக்கப்பட்டுள்ளன. 2025 மார்ச் 28 அன்று நண்பகலுக்குப் பின் நிலம் ஆடியபோது வீடு முழுவதும் முனகியது. ஆட்டம் நின்றபின் குனிந்து பார்த்தேன். வாசல் தூண் ஒன்று கல்லின் மேல் விரற்கடை அளவு நகர்ந்திருந்தது; அது முன்பு நின்ற இடம் வெளுத்த பிறைபோலத் தெரிந்தது. மரத்தில் ஒரு கீறலும் இல்லை. ஆனால், கீழ்த்தளத்தை அறையாக்குவதற்காகத் தூண்களுக்கிடையே நாங்கள் பின்னாளில் எழுப்பிய செங்கல் சுவர் மூலைக்கு மூலை பிளந்திருந்தது.

அன்று முதல் ஜப்பானியரின் கட்டடக்கலையைத் தேடிப் படித்து வருகிறேன். நாரா அருகே ஹோர்யூஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் ஏறக்குறைய 32 மீட்டர் உயரமுள்ள மரக் கட்டடம். அதன் நடுத்தூணுக்கான மரம் 594ஆம் ஆண்டு வெட்டப்பட்டது என்று வளர்வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். ‘ஷின்பாஷிரா’ எனப்படும் அந்த நடுத்தூண் ஐந்து தளங்களின் எடையையும் சுமப்பதில்லை, உச்சிக் கலசத்தையே தாங்குகிறது என்பதுதான் என்னை வியக்க வைத்தது. தளங்கள் பெட்டிமேல் பெட்டியாக அடுக்கப்பட்டு, கழுந்தும் துளையுமாகப் பொருத்தப்பட்டிருப்பதால், ஒவ்வொன்றும் தன் போக்கில் அசையும்; நடுத்தூண் அந்த அசைவு எல்லை மீறாமல் தடுக்கும் என்று பொதுவாக விளக்குகிறார்கள்.

2012இல் திறக்கப்பட்ட 634 மீட்டர் உயர டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்திலும் இதே எண்ணம்தான் கான்கிரீட்டாக வடிவெடுத்திருக்கிறது. அதன் நடுவே 375 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் உருளை இருக்கிறது, உள்ளே படிக்கட்டு. 125 மீட்டர் வரை அது வெளி எஃகுச் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் எண்ணெய் நிரப்பிய அதிர்வுத் தணிப்பான்களே இரண்டையும் இணைக்கின்றன. சட்டமும் உருளையும் வெவ்வேறு தாளத்தில் ஆடுவதால் ஒன்றின் ஆட்டம் மற்றதை அடக்குகிறது. கட்டுமானம் முடியும் தறுவாயில், 2011 மார்ச்சில் வந்த 9.0 அளவு நிலநடுக்கத்தையும் அது தாங்கி நின்றது.

மரம் என்றாலே காப்பு என்று நான் நம்பவில்லை. 1995இல் ஜப்பானின் கோபே நகரில் வந்த நிலநடுக்கத்தில் கனத்த ஓட்டுக்கூரையும் பலமற்ற சுவர்களும் கொண்ட பழைய மரவீடுகள் ஏராளமாகச் சரிந்து மக்களைக் கொன்றன. கூரை இலேசாக இருக்க வேண்டும், இணைப்புகள் கழன்றுவிடாமல் நெகிழ வேண்டும், கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெகிழ இடமே இல்லாத செங்கல் குவியலுக்கு என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி: 1917இல் உடைந்து விழுந்த ஷ்வேமாடோ பகோடா என்னும் பௌத்தத் தூபியின் உச்சித் துண்டு இன்றும் அதன் வளாகத்தில் கிடக்கிறது, 1930 மே மாத நிலநடுக்கத்தில் பகோடாவே இடிந்து, பின்னர் புதிதாகக் கட்டப்பட்டது.

பிளந்த சுவரை மீண்டும் கட்ட வந்த கொத்தனாரிடம், செங்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இடிபாட்டை அகற்றியபின், தூண்களைத் தொடாத தனிச் சட்டத்தில் மெல்லிய பலகைகளை ஆசாரி பொருத்தித் தரப்போகிறார். நகர்ந்த தூணை அதன் பழைய வட்டத்துக்குத் திருப்பி வைக்கும் வேலை அதற்கு முன் நடக்கும். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க இரண்டு பேர் வருகிறார்கள்.