ராக்கிகரியும் காசிமேடும்

"பழங்கால எலும்பு கிடைத்துவிட்டது, மரபணுவை எடுக்க வேண்டியதுதானே, இத்தனை வருடம் என்ன செய்கிறார்கள்?" என்று தண்டையார்பேட்டை டீக்கடையில் ஓர் அண்ணன் சத்தம் போட்டார். காசிமேட்டில் விடிகாலை வாங்கிய மீன் மதிய வெயிலில் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாததா? எலும்பிலுள்ள மரபணுவும் அப்படித்தான் வெப்பத்தில் கெட்டுப்போகும். ஹரியானாவிலுள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகரியில் கிடைத்த 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். 2019இல் வெளியிட முடிந்தது ஒரே ஒரு பெண்ணின் மரபணுத் தொகுதியைத்தான். அதுவும் உள்காதைச் சூழ்ந்த எலும்பிலிருந்து. உடலிலேயே மிகக் கெட்டியான எலும்பு அது. அதைத் துளைத்து, மாவாக்கி, துண்டுதுண்டாகச் சிதைந்த மரபணுவைப் பொறுக்க வேண்டும். கையுறையில்லாமல் தொட்டவரின் மரபணு அதை மூழ்கடித்துவிடும். குற்றவியல் ஆய்வகத்திலும் இதே தலைவலிதான்.

பழங்கால மரபணு ஆய்வும் குற்றவியல் ஆய்வும் பங்காளித் துறைகள் என்பேன். அழிந்துபோன குவாக்கா என்ற வரிக்குதிரையின் அருங்காட்சியகத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து 1984இல் மரபணுவைப் படித்துக் காட்டியவர் ரஸல் ஹிகுச்சி. 1988இல் ஒற்றை முடியிலிருந்து ஆளை அடையாளம் காணும் முறையை வெளியிட்டவரும் அவரே!

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, எழும்பூர் மியூசியத்தில் இருக்கும் எலும்பையெல்லாம் துளைப்பார்களா?" என்றார். துளைத்தால் அந்த இடம் போனது போனதுதான். எனவே யோசித்துத்தான் கை வைப்பார்கள் என்றேன்.