வெளுப்பு வேறு, முறுக்கு வேறு: குண்டு மிளகாய் நாற்றோடு நான் அலைந்த கதை

வீட்டுக்குள் விளக்கு போட்டு நாற்று வளர்க்கிற யாருக்காவது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். நாற்று வெளுத்து, இலையும் முறுக்கிக்கொண்டால் எல்லோரும் அதற்கு ஒரே காரணத்தைத் தேடுகிறோம், ஒரே மருந்தைக் கேட்கிறோம். உரக்கடையிலும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். என் தட்டில் இருந்தது இரண்டு கோளாறு. இது தெரிவதற்குள் பாதி நாற்று போய்விட்டது, அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

விதை ராமநாதபுரம் பக்கத்துக் குண்டு மிளகாய். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான். ஐப்பசி மழைக்கு முன் நடவேண்டும் என்று ஆவணியில் போட்டேன். வெளியே வைத்தால் மயில் விடாது, அதனால் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டிலுள்ள ஒரு அறையை ஒழித்து, குழித்தட்டு, தேங்காய் நார்க்கழிவு, மேலே எல்இடி விளக்கு. முளைப்பு நன்றாக இருந்தது. நாலாவது இலை வரும்போது ஆரம்பித்தது. மேல் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பட்ட இடமெல்லாம் வெளிர் மஞ்சள். அப்புறம் சில செடிகளில் கொழுந்து கீழ்ப்பக்கமாக மடங்கி, கவிழ்த்த படகு போல ஆகி, காம்பு மட்டும் நீண்டது.

உரக்கடையில் இலையைக் கையில் வாங்கக்கூட இல்லை. "எல்லாம் சாறு உறிஞ்சிதான் அண்ணே, இத அடிங்க, மூணு நாள்ல நிமிந்துரும்" என்று இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து ஒரு பாட்டில். நிமிரவில்லை. திரும்பப் போனபோது "சத்து பத்தல" என்று டானிக் ஒன்று. அதை ஊற்றியதில் இலை ஓரம் கருகியது. ஏற்கெனவே சரியாகக் கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், அதன் மேல் டானிக்கால் இன்னும் உப்பை ஏற்றினால் வேர் என்ன செய்யும்? பொட்டலத்தில் "கழுவியது" என்று அச்சடித்திருந்ததை நம்ப வேண்டாம். ஊறவைத்துப் பிழிந்த தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தால் இன்னும் கழுவணும்.

சரி, அரசாங்க ஆள் பார்த்துச் சொல்லட்டும் என்று செடியை வேரோடு பிடுங்கி ஒரு வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். முதல் தடவை அதிகாரி முகாமுக்குப் போயிருந்தார். மறுபடி போனபோது அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பட்டா, சிட்டா இருக்கா?" வீட்டுக்குள் தட்டில் இருக்கிற நாற்றுக்கு எந்த சர்வே நம்பரைச் சொல்வது? பையைத் திறக்காமலே, "இலை சுருட்டை, வைரஸ், மருந்து கிடையாது, எல்லாத்தையும் பிடுங்கிப் போட்ருங்க" என்று முடித்துவிட்டார். வைரஸுக்கு மருந்து கிடையாது என்பது உண்மை. ஆனால் அது வைரஸ்தானா என்று பார்க்க இலையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டாமா? அன்றைக்கு வந்த கோபத்தில் தட்டைத் தூக்கி எறியப் போனேன். அப்பத்தாதான் தடுத்து, "உங்க சித்தப்பன் இந்த வேலைதானப்பா பாத்தான், அவன வரச்சொல்லு" என்றார்கள்.

சித்தப்பா உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் மருந்தைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த இலை, பழசா புதுசா? சுருட்டல் மேலேயா கீழேயா? தண்ணீர் எது? இந்த மூன்றையும்தான் கேட்டார். நீங்களும் எந்தக் கடை வாசலில் ஏறுவதற்கு முன்னாலும் இவற்றுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். அடி இலை முதலில் மொத்தமாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் மக்னீசியம். அதே கோலம் கொழுந்தில் வந்தால் இரும்பு. இலை மேல்நோக்கிக் கப்பல் மாதிரி சுருண்டு, அடியில் வெள்ளி பூசின தழும்பு இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி காம்பு நீண்டால் சிலந்தி, அதாவது சுவரில் வலை கட்டுகிற சிலந்தி இல்லை, இலையில் சாறு உறிஞ்சுகிற நுண்ணிய மைட். வைரஸ் என்றால் நரம்பு தடித்து, இலை சிறுத்து, செடி வளராமல் கொத்தாக நின்றுவிடும், அதைப் பரப்புவது வெள்ளை ஈ. என் செடியைத் தட்டிப் பார்த்தோம், ஒரு ஈகூடப் பறக்கவில்லை.

வெளுப்புக்குக் காரணம் போர் தண்ணீர். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய, தண்ணீர் சோதிக்கிற சொட்டு மருந்தில் பார்த்தால் பிஹெச் (அமில-கார அளவு) 8-ஐத் தாண்டியது. அந்தக் காரத்தில் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது சித்தப்பா அதை நிரூபித்த விதம். ஒரு லிட்டர் மழைத் தண்ணீரில் 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு. பஞ்சில் தொட்டு, ஒரு இலையின் ஒரு பாதியில் மட்டும் தடவினார். மறுபாதி சும்மா. சில நாளில் தடவிய பாதி மட்டும் பச்சை பிடித்தது, நடு நரம்பு எல்லைக் கோடு போட்ட மாதிரி நின்றது. அந்த இலையை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன்! ஒன்று மட்டும் கவனம்: அன்னபேதி இளம்பச்சையாக இருக்கணும். துருப் பிடித்த நிறத்தில் கொடுத்தால் வாங்காதீர்கள், அது வேலை செய்யாது. அதற்கப்புறம் முற்றத்தில் அண்டாவில் பிடித்த மழைத் தண்ணீர்தான் நாற்றுக்கு. வெளுப்பு அத்தோடு தீர்ந்தது.

முறுக்கு தீரவில்லை. சிலந்தி என்று சித்தப்பா சொன்னாலும் வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இந்த மஞ்சள் சிலந்தி ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிகூட இராது, செஞ்சிலந்தி போல வலையும் பின்னாது. லென்ஸுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் காதுக்கு வைரத் தோடு இல்லாத வீடு குறைவு, பட்டறையில் வைரம் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் இல்லாமலா போகும்? தெரிந்த ஆசாரியிடம் போய், கொழுந்து இலையின் அடிப்பக்கத்தை அவர் விளக்குக்குக் கீழே பிடித்தேன். அவர்தான் முதலில் பார்த்தார். "ஏதோ நகருதுங்களே" என்றார். நடு நரம்பை ஒட்டி, கண்ணாடி மாதிரி வெளிர் மஞ்சளில் புள்ளிகள், நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் வைரஸ் என்று பிடுங்கச் சொன்ன செடி அது. வீட்டுக்கு வந்து சன்னலோரம் இருந்த செம்பருத்தியையும் பார்த்தேன், நர்சரியிலிருந்து புதிதாக வந்தது. அதன் கொழுந்திலும் இதே கூட்டம்.

இமிடாகுளோப்ரிட் சிலந்தியைக் கொல்லாது. அது பூச்சிக்கான மருந்து, சிலந்தி பூச்சி இனமே இல்லை. நனையும் கந்தகம் 80 சதவீதத் தூள், லிட்டருக்கு 2 கிராம், இதுதான் சித்தப்பா சொன்னது. ஆனால் உடனே அடிக்க முடியவில்லை. நடுவில் வேப்பெண்ணெய் தெளித்திருந்தோம், எண்ணெய் பட்ட இலையில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை வெந்துவிடும். காத்திருந்த நாட்களில் ரொம்ப மோசமானதைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்தினேன், நல்ல தட்டுகளை வேறு அறைக்கு மாற்றினேன். கை கழுவாமல் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டைத் தொடக்கூடாது. பிறகு சாயங்காலம் விளக்கை அணைத்து, சூடு தணிந்ததும், இலை அடியிலும் கொழுந்திலும் படும்படி தெளித்தோம். வெயில் நேரத்தில் அடித்தால் கந்தகமே சுட்டுவிடும். இந்தச் சூட்டில் சிலந்தி ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறைக்கு வந்துவிடும், அதனால் வாரம் தவறாமல் மறுபடியும் அடிக்கணும்.

முறுக்கின இலை நிமிரும் என்று காத்திருக்காதீர்கள், நிமிராது. மருந்து கேட்டதா என்பதை அடுத்து வருகிற கொழுந்தில் பாருங்கள். என் தட்டில் அது தட்டையாக, பச்சையாக வந்தது. பிழைத்தவற்றை மழைக்கு முன்பே தோட்டத்தில் நட்டாயிற்று. செம்பருத்தியை எடுத்துவிட்டேன். இனிமேல் நர்சரிச் செடி எது வந்தாலும் இரண்டு வாரம் முகப்புத் திண்ணையில்தான் இருக்கும், லென்ஸில் பார்க்காமல் இரண்டாம் கட்டுக்குள் வராது.