விஷக்கல் ஒட்டினால் நஞ்சு இறங்கிவிட்டதா?

இலங்கையின் வடக்கே வன்னியில் வயல் வேலை கூடும் மாதங்களில் பாம்புக்கடியும் கூடும். எலி தேடி வரும் பாம்புக்கும் தண்ணீர் கட்டப் போகிறவருக்கும் ஒரே வரம்புதானே. கடிபட்டவரை ஏற்றிய மோட்டார்சைக்கிள் சந்தியில் எந்தப் பக்கம் திரும்புகிறது, நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி வீட்டுக்கா ஆஸ்பத்திரிக்கா? அறிவியல், சமயம், அறம் என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் அந்தச் சந்தியில் வந்து நிற்கிறது.

"எங்கள் பரியாரி எத்தனை பேரைப் பார்வை பார்த்து, மந்திரம் ஓதிக் காப்பாற்றியிருக்கிறார் தெரியுமா?" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிழைத்தவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2012–13இல் இலங்கை முழுவதும் வீடு வீடாக எடுத்த ஆய்வின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் நஞ்சேறுவது ஏறத்தாழ 30,000 பேருக்கு. இறப்பு 400க்கு மேல். சாரை கடித்திருக்கலாம், நாகமே கடித்தும் நஞ்சை இறக்காமல் விட்டிருக்கலாம். மந்திரம் ஓதினாலும் ஓதாவிட்டாலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் எழுந்து வீட்டுக்கு நடப்பார்கள்.

நஞ்சை உறிஞ்சும் என்று கடிவாயில் ஒட்டவைக்கும் விஷக்கல்லும் அப்படித்தான். அது பெரும்பாலும் கரியாகச் சுட்ட மாட்டெலும்பு. நுண்ணிய துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் காயத்தில் ஒட்டும், துளைகள் நிறைந்ததும் விழும். ஈரமான நாக்கில் வைத்தாலும் ஒட்டத்தான் செய்யும். பாலில் போட்டதும் எழும் குமிழி, துளைகளில் இருந்த காற்று. நஞ்சோ அதற்குள் தசைக்குள் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நஞ்சை முறிக்கப் போடும் மருந்தூசியும் குறையற்றதல்ல. குதிரையின் குருதியிலிருந்து எடுப்பதால் ஒவ்வாமை வரும். 2011இல் வெளியான இலங்கை ஆய்வில் 1,007 நோயாளிகளில் 75 சதவீதமானோருக்கு அது வந்தது. மருந்துக்கு முன் தோலடியில் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை குறையும் என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது. தன் பிழையைத் தானே எண்ணி, அச்சிட்டு, திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை நான் ஓர் அறமாகவே மதிக்கிறேன். பார்வை பார்த்தும் இறந்தவர்களுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? "விதி முடிந்தது" என்பதோடு அந்த ஏடு மூடப்படுகிறது.

முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) கடித்து நஞ்சேறினால் குருதி உறையாது. அதற்கான சோதனை மிக எளிது: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் குருதி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்ரிக் குழாயும் சவர்க்காரத்தில் கழுவிய குழாயும் பிழையான விடை தரும். கட்டுவிரியன் கதை வேறு. இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரும்பாலும் வலியே இருக்காது. சில மணி நேரத்தில் இமை சரியும், பிறகு விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். நரம்பு நுனி பழுதான பின் மருந்தூசியால் அதை மீட்க முடியாது, செயற்கைச் சுவாசம்தான் உயிரைத் தாங்கும். ஆகவே "வலியில்லை, பயமில்லை" என்ற சொல்லை நம்பி விடியும்வரை வைத்திருப்பது கொடிது. பச்சிலைச் சாறு பருக்குவதும் ஆபத்து, விழுங்க முடியாதவருக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ தடி வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த உறுப்பே அழுகலாம். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். நடக்கவிடாமல் ஏற்றுங்கள். பாம்பைத் துரத்தி இரண்டாவது ஆளும் கடிபட வேண்டாம், தூரத்திலிருந்து போனில் ஒரு படம் போதும்.

பரியாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார். காசு வாங்கினால் மந்திரம் பலிக்காது என்று ஒரு சதமும் தொடாதவர்கள் பலர். அந்த நல்ல மனத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். புதூர்க் கோயிலில் நாகதம்பிரானுக்குப் பொங்கி, நாகத்தை அடிக்காமல் விடுகிறவர்களின் பக்தியும் வயலில் எலியைக் குறைக்கிறது. ஆனாலும் நல்ல மனம் நஞ்சை முறிக்காது. வாகனம் வரும்வரை திருநீறு பூசட்டும். வந்த பிறகு ஒரு நிமிடமும் பிடித்து வைக்கக்கூடாது. ஊரே நம்பும் அவர் வாயால் "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்று சொன்னால், எந்தச் சுவரொட்டியையும்விட அது வேலை செய்யும்.

நிலத்தில் படுப்பவர்கள், இரவில் பாம்பு நுழையாமலிருக்க, நுளம்பு வலையின் ஓரத்தைச் சுற்றிவரப் பாயின் அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.