'ஆள்மாறாட்டம்' என்று நான் எழுதிய சீட்டு

கல்லூரி நூலகம் ஒன்றில், நூற்பட்டியல் பிரிவில் பதினேழு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியம் பயில வரும் மாணவர்களுக்காக, ஒவ்வொரு நாவலின் உள்ளட்டையிலும் தமிழில் ஒரு பொருள் தலைப்பையும் இரண்டு வரிக் குறிப்பையும் எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம். நெல்லா லார்சன் 1929-இல் வெளியிட்ட 'பாஸிங்' வந்தபோது, அமெரிக்கப் புனைவுக்குரிய 813 என்ற பகுப்பு எண்ணை இடுவதில் சிக்கல் ஏதும் இருக்கவில்லை. தடுமாற்றமெல்லாம் பொருள் தலைப்பில்தான். கருப்பினத்தவர் என்று சமூகம் வகுத்துவைத்த ஒருவர், தோல்நிறம் இடங்கொடுப்பதால் வெள்ளையராகவே வாழ்ந்துவிடுவதை அமெரிக்காவில் 'பாஸிங்' என்றார்கள். அதற்குத் தமிழில் வழங்கும் சொல் ஏதும் எனக்குத் தெரியவில்லை. அப்படி வாழும் கிளேர் என்ற பெண்ணைப் பற்றிய அந்த நாவலை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, 'ஆள்மாறாட்டம்' என்று எழுதி ஒட்டினேன்.

இரண்டு மாதங்கள் கழித்து, இறுதியாண்டு மாணவி ஒருவர் அந்தப் புத்தகத்தோடு என் மேசைக்கு வந்தார். "மேடம், ஆள்மாறாட்டம்னா இன்னொருத்தர் பேருல போய் நிக்கிறது. கிளேர் யாரோட பேரையும் சொல்லிக்கலையே. அவங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டாங்க, இவ மறுக்கல" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "முதல்ல மறைக்கச் சொன்னதே அந்த அத்தைங்கதானே மேடம்?" என்று கேட்டார். எந்த அத்தைகள் என்பதே எனக்கு நினைவில் இல்லை. அன்று புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று முதல் வரியிலிருந்து படித்தேன்.

அவர் சொன்னது சரிதான். குடிகாரத் தந்தை இறந்தபின், பதின்பருவத்துக் கிளேர் கெண்ட்ரியைச் சிகாகோவில் அவளுடைய வெள்ளை இனத்து அத்தைப் பாட்டிகள் இருவர் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள். வீட்டு வேலை முழுவதையும் அவள்மீது சுமத்துகிறார்கள். ஆனால் அவளுடைய கருப்பின வேரைப் பற்றி அக்கம்பக்கத்தில் மூச்சுவிடக் கூடாது என்றும் கட்டளையிடுகிறார்கள். பிறர் தம் மானத்தைக் காத்துக்கொள்ள அவள்மீது போர்த்திய அந்த மௌனத்தையே வழியாகப் பற்றிக்கொண்டு, பதினெட்டு வயதில் ஜான் பெல்யூ என்ற வெள்ளையரை மணந்து அவள் வெளியேறுகிறாள். தன் இனத்தை வெளிப்படையாகச் சொல்லி வாழும் தோழி ஐரீன்கூட, வெயிலில் மயங்கிவிழும் நிலையில் வந்து, வெள்ளையர் மட்டுமே அமரக்கூடிய டிரேட்டன் ஹோட்டலின் மொட்டைமாடியில் தேநீர் அருந்துகிறாள். யாரோ ஒரு பெண் உற்றுப் பார்க்கும்போது, கண்டுபிடித்துவிட்டாளோ என்று அவள் நெஞ்சு பதறும் அந்தப் பக்கங்களை நான் மூன்று முறை படித்தேன். ஒரு கோப்பைத் தேநீருக்காக ஒரு மனுஷி எழுப்பி வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சியிருக்கிறாள். அதையும் சேர்த்தல்லவா நான் 'ஆள்மாறாட்டம்' என்று எழுதியிருந்தேன்!

என்னை மேலும் வருத்தியது இன்னொன்று. லார்சனும் என் தொழிலைச் செய்தவர். டேனிஷ் தாய்க்கும் அப்போது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கருப்பினத் தந்தைக்கும் 1891-இல் சிகாகோவில் பிறந்தவர். முதலில் செவிலியராக இருந்து, பின்னர் நூலகப் பயிற்சி பெற்று, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 135-ஆவது தெருக் கிளை நூலகத்தில் பணியாற்றினார். எதை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று முறையாகக் கற்ற ஒருவர், எந்தத் தலைப்பிலும் அடங்காத மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் எழுதிய காலத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மக்களை வெள்ளையர், வெள்ளையரல்லாதார் என்று பிரித்துப் பதியச் சொன்ன 1924-ஆம் ஆண்டின் இனத் தூய்மைச் சட்டம் நடப்பில் இருந்தது. அங்கே பிறப்பு இறப்புப் பதிவுகளுக்குப் பொறுப்பாளராக 1946 வரை இருந்த வால்டர் பிளெக்கர், பழங்குடியினர் என்று தம்மைப் பதிந்துகொண்டவர்களையும் கருப்பினத்தவர் என்றே பதிவு செய்ய வைத்தார். அவரிடம் இருந்தவை பேனா, படிவம், பதிவேடு ஆகியவை மட்டுமே. என் மேசைமீதும் அவைதாம் இருக்கின்றன. அந்தச் சட்டம் இனம்கடந்த திருமணத்துக்கு விதித்த தடையை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1967-இல்தான் நீக்கியது.

மறுநாள் பழைய சீட்டை வெந்நீரில் நனைத்துப் பிரித்தெடுத்தேன். 'இனப் பாகுபாடு – அமெரிக்கா' என்பது புதிய தலைப்பு. குறிப்பில், 'வெள்ளையர் என்று பிறர் எண்ணிக்கொள்வதை மறுக்காமல் வாழும் ஓர் இளம்பெண்ணின் கதை. அப்படி வாழ வேண்டிய நிலையை உண்டாக்கியவர்களின் கதையும்கூட' என்று எழுதினேன். மாணவி அதைப் படித்துவிட்டு, "மறுக்காமல்னு போட்டது சரி மேடம்" என்றார்.

இப்போது மாலை வேளைகளில், பழைய நாவல்களில் நான் ஒட்டிய சீட்டுகளை அடுக்கடுக்காக எடுத்துப் பார்த்துவருகிறேன். 'கலப்பினம்' என்று என் கையெழுத்தில் இருந்த மூன்று சீட்டுகள் இதுவரை கிடைத்திருக்கின்றன. அந்த மூன்று நாவல்களையும் முழுவதுமாகப் படித்துவிட்டே புதிய சீட்டு எழுதுவதாக இருக்கிறேன்.