ஓசாய் முகத்தை ஏன் காட்டினார்கள்?

2005-ல் வந்த 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' கார்ட்டூனில் நெருப்பு தேசத்து ராஜா ஓசாயின் முகத்தை மூன்றாம் சீசன் வரை காட்டவே மாட்டார்கள். நிழல், முதுகு, தீக்குப் பின்னால் ஓர் உருவம், அவ்வளவுதான். பயமே அதில்தான் இருந்தது. அதையே நிஜ நடிகர்களை வைத்து எடுத்த 2024 நெட்ஃபிளிக்ஸ் தொடரில் ஓசாயாக வரும் டேனியல் டே கிம் முதல் சீசனிலேயே முகம் காட்டிப் பேசுகிறார். நல்ல நடிகர்தான், ஆனால் பாதி பயம் போச்சு.

ஓசாயின் மகள் அசுலா கதை இன்னும் மோசம். கார்ட்டூனில் மின்னல் பயிற்சியின்போது ஒரே ஒரு முடி கலையும். அதற்கே மறுபடி செய்வாள். ஆள் யாரென்று அந்த நொடியே புரிந்துவிடும். அவள் உடைவதெல்லாம் கடைசியில்தான். புதியதில் ஆரம்பத்திலேயே அப்பாவின் பாராட்டுக்கு ஏங்குகிறாள். செங்காங்கில் அக்கா வீட்டில் பார்த்தபோது அக்கா மகன், "பாவம் லா மாமா" என்கிறான். இப்போதே பாவம் பார்த்துவிட்டால் அப்புறம் எப்படி நடுங்குவது?

சரி, ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஓசாயின் மகன் ஸுகோ அன்று அப்பா முன்னால் வாய் திறந்து காப்பாற்றிய 41ஆம் படைப்பிரிவுதான் அவன் கப்பல் வீரர்கள் என்று மாற்றியிருக்கிறார்கள். கார்ட்டூனில் இல்லாத காட்சி. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.