ஏறிய உப்பை இறக்கிய இரவு

“உப்பு ஏறினா நல்லதுதானே டாக்டர்? இப்ப எதுக்கு இறக்குறீங்க?” நோயாளியின் தம்பி கேட்டார். “வேகமா ஏறினா மூளைக்கு ஆகாது” என்றேன். தப்பான பதில் இல்லை. போதுமான பதிலா என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

வரும்போது ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 108. குறைந்தது 135 இருக்க வேண்டும். “பிராந்தி கூட இல்ல சார், வெறும் பீர்தான்” என்றார் மனைவி. சோறு தொட்டுப் பல வாரமாம். சிக்கலே அங்கேதான். ஒரு லிட்டர் நீரை வெளியேற்றவே சிறுநீரகத்துக்கு 50 மில்லியாஸ்மோல் (கரைந்திருக்கும் துகள்களை எண்ணும் அலகு) அளவு உப்பும் யூரியாவும் வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு நாளுக்கு 600 முதல் 900 வரை கிடைக்கும். பீரிலேயே காலம் தள்ளுபவருக்கு 200, 250 கிடைத்தால் அதிகம். நாலைந்து லிட்டருக்கு மேல் குடித்ததெல்லாம் உள்ளேயே தங்கி ரத்தத்தை நீர்க்கச் செய்துவிடும்.

முதலில் பார்த்த இடத்தில் சலைன், அதாவது உப்புநீர், ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வாந்தியோடு மயங்கிக் கிடப்பவருக்கு யாரும் செய்வதுதான். ஆனால் அந்த உப்பு கிடைத்ததும் சிறுநீரகம் மடை திறந்துவிட்டது. யூரின் பையைக் காலி செய்த கொஞ்ச நேரத்தில் மறுபடி நிரம்பியது, தண்ணீர் போலத் தெளிவாக. ஆறு மணி நேரத்தில் 117. இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் முழுவதுக்குமே 8 ஏறுவதுதான் எல்லை. தாண்டினால் மூளைத்தண்டில் நரம்புகளின் உறை சிதையலாம். பேச்சும் விழுங்குவதும் போய், கைகால் விழுந்துவிடலாம். சலைனை நிறுத்தி, சிறுநீர் போவதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் போட்டு, டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைநீர் ஏற்றி 114-க்குக் கொண்டுவந்தோம். அந்த முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை.

‘கைகால் விழுந்துவிடலாம்’ என்பதைத்தான் அவர்களிடம் சொல்லவில்லை. மனைவி பக்கத்திலேயே நின்றார். நடக்காமலே போகக்கூடிய ஒன்றைச் சொல்லி ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் மூன்றாம் நாள், “நல்லா பேசுறாரே, இனி எதுக்கு இங்க?” என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய்விட்டார் தம்பி. அந்தப் பாதிப்பு தெரியவே சில நாள் ஆகும். அதைச் சொல்லியிருந்தால் இருந்திருப்பார்களோ? அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

அப்புறம் இதேபோல வந்த இன்னொரு குடும்பத்திடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். பயந்துபோய், அன்றிரவே வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.