மலர்ப் பள்ளத்தாக்கு: ஒரு நாள் போதாது

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கும். அதிலும் பூ மிகுந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. மழை கொட்டுவதும் அப்போதுதான். மழைக்குப் பயந்து செப்டம்பர் கடைசிக்குத் தள்ளினால் காய்ந்த தண்டுகளைத்தான் பார்க்கலாம். அதனால் நனைவது என்று முடிவு செய்து ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளம்பினோம்.

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இரவில் மலைச்சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் விடிவதற்குள் புறப்பட வேண்டும். பீபல்கோட்டி தாண்டியதும் மண் சரிந்து கிடந்தது. ஜேசிபி வந்து வழி விடும்வரை வரிசையில் காத்திருந்தோம். மழைக்காலத்தில் இந்தச் சாலையில் இது வழக்கம்தான்.

மறுநாள் கோவிந்த்காட். அங்கிருந்து புல்னா வரை நான்கு கிலோமீட்டர் ஷேர் ஜீப் போகிறது. அப்புறம் காங்கரியாவுக்கு நடைதான், பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கல் பாவிய பாதை, கூடவே ஆறு. மலைமேல் உள்ள சீக்கியர் புனிதத் தலமான ஹேம்குண்ட் சாகிபுக்குப் போகும் சீக்கியப் பெரியவர்கள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டே எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார்கள். கோவேறு கழுதை வரும்போது பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவர் ஓரமாக நில்லுங்கள். சுமையின் இடி பலமாகவே விழும்.

காங்கரியா 3,000 மீட்டர் உயரத்தில், பருவகாலத்தில் மட்டும் ஆள் இருக்கும் ஊர். தங்கும் விடுதிகளும் குருத்வாராவும் உண்டு. குருத்வாராவின் லங்கரில், அதாவது இலவச உணவுக்கூடத்தில், சூடான பருப்பும் ரொட்டியும் யாருக்கும் கிடைக்கும். ஈரத்தில் நடுங்கி வந்த எங்களுக்கு அது பெரிய உபகாரம். பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி இல்லை, மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் நாங்கள் போனபோது வாங்கிய அனுமதிச் சீட்டு மூன்று நாள் செல்லுபடியானது. பெரும்பாலானவர்கள் ஒரு நாள் மட்டும் போய்விட்டு மறுநாள் ஹேம்குண்டுக்கு ஏறிவிடுகிறார்கள். இரண்டாம் முறையும் உள்ளே போங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஏனென்றால் முதல் நாள் பார்வை உயரங்களின் மேலேயே போய்விடுகிறது. புஷ்பாவதி ஆற்றுப் பாலம், பூர்ஜ (பிர்ச்) மரங்களுக்கு நடுவே செங்குத்தான ஏற்றம், பிறகு திடீரென்று விரியும் பச்சை, அதன் முடிவில் பனியாறு. மேகம் வேறு மூடி மூடித் திறக்கும். இரண்டாம் நாள்தான் தரையைப் பார்த்தோம். தோள் உயரத்துக்கு இளஞ்சிவப்பாக நின்றவை நம் காசித்தும்பையின் இனம். முற்றிய காயைத் தொட்டால் அதேபோல் வெடித்துச் சுருள்கிறது. பாறை இடுக்கில் நீலப் பாப்பி ஒன்று இருந்தது. நான்கு மெல்லிய இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம், தண்டு முழுக்க முள். ஒவ்வொரு முள் நுனியிலும் ஒரு மழைத்துளி. நாங்கள் குனிந்திருந்த நேரத்தில் ஒரு பெரிய குழு அதைக் கவனிக்காமலே கடந்து போனது.

1931-இல் காமெட் சிகரம் ஏறித் திரும்பிய பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் குழுவினர் இங்கே வந்த பிறகுதான் இந்த இடம் உலகுக்குத் தெரிந்தது. 1939-இல் தாவரம் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் பாறையில் வழுக்கி இறந்தார். அவர் கல்லறை பள்ளத்தாக்கின் உள்ளேயே இருக்கிறது. ஒரு நாள் பயணத்தில் அங்கே நிதானமாக நிற்க நேரம் கிடைக்காது.

பூங்காவாக அறிவித்தது 1982-இல். அதன்பின் ஆடு மாடு மேய்ச்சல் நின்றது. மேய்ச்சல் நின்ற பின் பாலிகோனம் என்ற புதர் மற்றப் பூச்செடிகளை அமுக்கிக்கொண்டு பரவியது. வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. மலையைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை நேரில் பார்த்தபோது அந்தத் தொழிலாளிகள் மேல் மரியாதை கூடியது. பாதையை விட்டு இறங்கிப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. ஒரு மிதியில் அந்த வருடத்துப் பூ போய்விடும்.

ஹேம்குண்டைக் கடைசியில் வையுங்கள். 4,000 மீட்டருக்கு மேல் என்பதால் பள்ளத்தாக்கில் நடந்து உடம்பு பழகியிருந்தால் நல்லது. பிரம்ம கமலம் அந்த ஏற்றத்தின் மேற்பகுதியில்தான் நிறையப் பூத்திருந்தது. நம் வீட்டுத் தொட்டியில் அதே பெயரில் இரவில் மலர்வது ஒரு கள்ளிச் செடி. இது வேறு, காகிதம் போன்ற வெளிர்மடல்களுக்குள் ஊதாப் பூக்கள்.

திரும்பும் ரயிலுக்கும் மலையிறங்கும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது காலியாக விடுங்கள். நாங்கள் இறங்கிய அன்றும் சாலை மதியம் வரை அடைபட்டிருந்தது. அந்த ஒரு நாள் கையில் இருந்ததால் பதற்றமில்லாமல் ஹரித்வார் போய்ச் சேர்ந்தோம்.